கயிறு என் கையில்
எல்லவிலிருந்து தியலும வரை ஒரு நாள்



"உனக்கேன் இந்த வேலை?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். எனக்கு நாற்பத்தாறு வயது. கணவர் 2009இல் போய்விட்டார். கோழிக்கூடும் தையல் மெசினும்தான் என் சீவியம். மகள் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். இப்படிப்பட்டவள் கிளிநொச்சியிலிருந்து மலைநாட்டுக்குப் போய், கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையிலிருந்து இறங்கப் போகிறேன் என்றால் யார்தான் கேட்கமாட்டார்கள்? மகள் மட்டும், "போட்டு வாங்கோ அம்மா, கோழியளை நான் பாக்கிறன்" என்றாள்.

கூப்பிட்டது என் மலையகத் தோழி. 2016இல் கண்டியில் நடந்த பத்து நாள் பயிற்சி ஒன்றில் நாங்கள் ஒரே அறையில் தங்கினோம். வடக்கு, கிழக்கு, மலையகம் என்று மூன்று பக்கத்திலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். அவள் எல்லவுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் அது. என்னைவிடப் பத்து வயது குறைந்தவள். அந்தப் பத்து நாளில் தொடங்கிய கதை இன்றுவரை தொலைபேசியில் தொடர்கிறது.

அவளுக்குத் தம்பி முறையான ஒரு பொடியன், உல்லாசப் பயணிகளைக் கயிற்றில் இறக்கும் குழுவொன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். "அக்கா, வெள்ளைக்காரங்க காசு கட்டி வந்து எங்க மலையில இறங்குறாங்க. நாங்க ஒருநாள்கூட இறங்கிப் பாக்கல. நீங்க வந்தா நானும் போவேன்" என்றாள். கோழி விற்று மிஞ்சிய காசை எடுத்துக்கொண்டு 2025 மார்ச் மாதத்தில் வெளிக்கிட்டேன்.

எல்லவுக்குப் போகும் வழி

கிளிநொச்சியிலிருந்து கண்டி வரை பஸ். கண்டியிலிருந்து பதுளை போகும் புகையிரதம். ஹற்றன், நானுஓயா, ஹப்புத்தளை, பண்டாரவளை என்று ஏறி இறங்கி எல்லவை அடையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வன்னியின் வெயிலில் வளர்ந்தவளுக்கு அந்தக் குளிர் பல்லைக் கிட்ட வைத்தது.

எங்கள் ஊரில் ஓர் ஆச்சி இருந்தார். 1977 கலவரத்துக்குப் பின் பதுளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து குடும்பத்துடன் வந்து கிளிநொச்சியில் குடியேறியவர். 1977இலும் 1983இலும் அப்படி ஆயிரக்கணக்கான மலையகக் குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. பிறகு எங்களோடு சேர்ந்து யுத்தத்தையும் அனுபவித்தன. அந்த ஆச்சி முற்றத்தில் இருந்து கச்சான் உடைத்தபடி, "எங்க ஊர்ல ரயிலு வளைவுப் பாலத்து மேல போகும், கீழ தேயிலை" என்று சொல்லுவார். சிறுபிள்ளையான எனக்கு அது கதையாகத்தான் தெரிந்தது.

அந்தப் பாலத்தை மறுநாள் விடியப்புறம் கண்ணால் பார்த்தேன். எல்லவுக்கும் தெமோதரவுக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் கட்டி முடிக்கப்பட்டது. இரும்புச் சட்டம் எதுவுமில்லாமல் கல், செங்கல், சீமெந்து ஆகியவற்றால் மட்டும் எழுப்பியிருக்கிறார்கள். நீளம் 91 மீற்றர், உயரம் 24 மீற்றர். நூறு வருடத்துக்கு மேலாகப் புகையிரதத்தைத் தாங்கி நிற்கிறது. தெமோதரவில் இன்னொரு புதுமை உண்டு. தண்டவாளம் மலையைச் சுற்றி வளைந்து, தான் கடந்து வந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தால் போகிறது. செங்குத்தான மலையில் புகையிரதத்தை நேராக இறக்க முடியாது, சுற்றித்தான் இறக்க வேண்டும் என்று தோழி விளக்கினாள்.

"எல்ல" என்றால் சிங்களத்தில் நீர்வீழ்ச்சி. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. இரண்டு மலைகளுக்கு நடுவே பெரிய வாசல் திறந்ததுபோல் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியால் பார்த்தால் தெற்கே கடல் வரை விரியும் சமவெளி தெரியும். அந்த வழியாகத்தான் வெல்லவாய வீதி இறங்குகிறது. எங்கள் பயணமும் அந்த வழியாகத்தான்.

இறங்கும் வீதி

காலை ஆறரைக்கு பஸ் ஏறினோம். எல்லவிலிருந்து சுமார் ஆறு கிலோமீற்றரில் இராவணா நீர்வீழ்ச்சி வீதியோரத்திலேயே விழுகிறது. சுமார் 25 மீற்றர் உயரம். சீதையைக் கவர்ந்து வந்த இராவணன் இந்த மலைக் குகையில் மறைத்து வைத்தான் என்பது இப்பகுதிக் கதை. தோழி ஜன்னலால் குகை இருக்கும் மலையைக் காட்டிவிட்டு, "பாருங்க அக்கா, அந்தக் காலத்துலேயே பொம்பளைய மலையில ஒளிச்சு வச்சுட்டு ஆம்பளைங்க சண்டை போட்டிருக்காங்க" என்றாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்ணும் சேர்ந்து சிரித்தார்.

வீதி பாம்புபோல் வளைந்து இறங்குகிறது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாங்கள் போய் வந்து ஆறு மாதத்தின் பின், 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, இதே வீதியில் சுற்றுலா வந்தவர்களின் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தார்கள். மலைநாட்டில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம் என்று அங்குள்ளவர்கள் சொல்வது வீண் பேச்சல்ல.

வெல்லவாயவில் வேறு பஸ் மாறி, கொஸ்லந்த போகும் வீதியில் ஏறக்குறைய 13 கிலோமீற்றர் போனால் தியலும. பதுளை மாவட்டத்தில் இருக்கும் இந்த நீர்வீழ்ச்சியின் உயரம் 220 மீற்றர். இலங்கையில் பம்பரகந்தவுக்கு அடுத்தபடியாக உயரமானது. வீதியிலிருந்து அண்ணாந்து பார்த்தபோது கழுத்து வலித்தது. வெள்ளைச் சேலை ஒன்றை மலை உச்சியிலிருந்து தொங்கவிட்டதுபோல் இருந்தது.

"இதிலயோ இறங்கிறது?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இல்ல அக்கா, மேல சின்னச் சின்ன அருவி இருக்கு. அங்கதான்" என்றாள் தோழி.

தியலுமவின் கதை

மேலே ஏற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. மானாப்புல் ஆளுயரத்துக்கு நின்றது. வழிகாட்டிகள் இருவர். ஒருவர் சிங்களவர், குழுத் தலைவர், நாற்பது வயதிருக்கும். மற்றவன் தோழியின் தம்பி முறைப் பொடியன். இளைப்பாறிய இடத்தில் தலைவர் தியலுமவின் பழங்கதையைச் சிங்களத்தில் சொன்னார். பொடியன் தமிழில் எங்களுக்குச் சொன்னான். வேடர் மக்களைப் பற்றி நிறைய எழுதிய டாக்டர் ஆர்.எல். ஸ்பிட்டலும் இதைத் தன் நூலொன்றில் பதிந்திருக்கிறார்.

இளந்தலைவன் ஒருவன் மலைக்கு நாடு கடத்தப்பட்டான். அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் அவனிடம் போகப் புறப்பட்டாள். மலைக்கு ஏறும் வழிகளிலெல்லாம் காவல். ஆகவே அவன் காட்டுக்கொடிகளைத் திரித்துக் கயிறாக்கி மலை விளிம்பிலிருந்து கீழே விட்டான். அவள் கயிற்றில் தன்னைக் கட்டிக்கொள்ள, அவன் மேலே இழுத்தான். பாதி வழியில் அவள் பாறையில் மோதுண்டு இறந்துபோனாள். அந்தக் கோரக் காட்சியை மறைப்பதற்காகத் தெய்வங்கள் மலையிலிருந்து நீரைப் பெருகவிட்டன. அதுதான் தியலும என்பது கதை.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு அடைத்தது. காரணம் இருக்கிறது.

2009இல் நாங்கள் மாத்தளனில் இருந்தோம். ஒருநாள் ஷெல் வீச்சில் பதுங்குகுழியின் வாய்ப்பக்க மண் சரிந்து எங்களை மூடியது. மூன்று வயது மகளை இரண்டு கையாலும் உயர்த்தி வெளியில் கொடுத்தேன். என்னை யாரோ கையைப் பிடித்து இழுத்தெடுத்தார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. தோள்மூட்டு விலகிவிட்டது. உயிர் மிஞ்சியது. அன்றிலிருந்து பள்ளமான எந்த இடத்திலும் என்னால் இறங்க முடியாது. கிணறு இறைக்கும்போது பின்னால் வேலியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியபோதுகூட அந்தப் பக்கம் போகவில்லை. இது தோழிக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டாள். வற்புறுத்திக் கூப்பிடவில்லை.

கயிறும் நாங்களும்

தியலுமவின் மேற்பகுதியில் ஆறு பல அடுக்குகளாக இறங்குகிறது. ஒவ்வோர் அடுக்கிலும் சிறு அருவி. அருவியின் அடியில் பாறையைக் குடைந்த தடாகம். நீர் கண்ணாடிபோல் இருந்தது. அவ்விடத்தில் சுமார் பத்து மீற்றர் உயரமான உலர்ந்த பாறையில் முதலில் பழகுவது. அதன் பிறகு அருவியை ஒட்டியபடி முப்பது மீற்றரளவில் பெரிய இறக்கம். இதுதான் திட்டம்.

சாமான்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். இடுப்பையும் இரு தொடைகளையும் சுற்றிப் போடும் தடித்த பட்டி. அதற்கு ஹார்னஸ் என்று பெயர். பூட்டு வைத்த உலோகக் கொளுவி, கரபைனர். எட்டு என்ற இலக்கத்தைப் போன்ற ஓர் உலோக வளையம். தலைக்கவசம், கையுறை. தலைக்கவசத்தைப் போட்டபோது முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் எங்கள் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். வெயிலில் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைச் சோதிக்கும் அவர்களுக்கு இந்தப் பாறையெல்லாம் எம்மாத்திரம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பொடியன் பொறுமையாக விளக்கினான். கயிறு எட்டு வளையத்துக்குள் வளைந்து போகும்போது உராய்வு உண்டாகும். அந்த உராய்வுதான் எங்கள் பாரத்தைத் தாங்கி வேகத்தைக் குறைக்கிறது. வளையத்துக்குக் கீழே போகும் கயிறு எங்கள் வலது கையில் இருக்க வேண்டும். அந்தக் கையை இடுப்புக்குப் பின்னே கொண்டுபோனால் நிற்போம். மெல்லத் தளர்த்தினால் இறங்குவோம். எவ்வளவு வேகம், எங்கே நிற்பது என்பதெல்லாம் அந்தக் கையில்தான். "வலது கைய மட்டும் விடவே கூடாது அக்கா" என்று மூன்று தரம் சொன்னான்.

எங்களால் முடியாமல் போனால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். மேலிருந்து இரண்டாவது கயிறு ஒன்று எங்கள் இடுப்பில் கட்டப்பட்டு, அதைத் தலைவர் பிடித்திருப்பார். கீழே நிற்பவர் எங்கள் கயிற்றின் நுனியைப் பிடித்திருப்பார். அவர் இழுத்து இறுக்கினால் நாங்கள் கையை விட்டாலும் அந்தரத்தில் நின்றுவிடுவோம். மேலே கயிறு ஒரே இடத்தில் கட்டப்படவில்லை. ஒன்று பிசகினாலும் மற்றது தாங்கும்படி இரண்டு இடங்களில் கட்டியிருந்தார்கள்.

தோழி ஹார்னஸைப் போட்டுக்கொண்டு தன் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். "எங்க அம்மா முப்பத்தஞ்சு வருஷம் கூடைக் கயித்தத் தலையில மாட்டிக்கிட்டு இந்த மாதிரி மலையில ஏறி இறங்கினாங்க. யாரும் ஹெல்மெட் குடுக்கல" என்றாள். கொழுந்துக் கூடையின் கயிறு பட்டுப் பட்டு அவளுடைய அம்மாவுக்கு முன்னுச்சியில் முடி இல்லை. முதல்நாள் இரவு லயத்தில் ரொட்டியும் சம்பலும் தந்தபோது நான் அதைக் கண்டிருந்தேன்.

எனக்கும் கயிறுகள் தெரியும். துலாக் கயிறு, ஆடு கட்டும் கயிறு, இடம்பெயர்ந்த இடமெல்லாம் தறப்பாள் இழுத்துக் கட்டிய கயிறு. எல்லாவற்றிலும் நான் எதையோ கட்டியிருக்கிறேன், எதையோ இழுத்திருக்கிறேன். என்னையே கட்டித் தாங்கும் கயிற்றை அன்றுதான் கண்டேன்.

இந்த வித்தை எங்கிருந்து வந்தது

இப்படி இறங்குவதை ராப்பெல் என்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் திரும்ப அழைத்தல் என்று பொருள். இறங்கிய பின் கயிற்றைக் கீழிருந்தே இழுத்தெடுத்துவிடலாம் என்பதால் வந்த பெயர். இதைக் கண்டுபிடித்தவராகச் சொல்லப்படுபவர் ஜோன் ஷார்லே என்ற பிரெஞ்சு மலை வழிகாட்டி. 1876இல் அல்ப்ஸ் மலையிலுள்ள பெட்டி துரு என்ற சிகரத்தில் தனியாக ஏற முயன்று, முடியாமல் திரும்பும்போது இம்முறையைக் கையாண்டார். ஆகவே இது தோற்றுத் திரும்பிய ஒருவருடைய கண்டுபிடிப்பு. மூன்று வருடத்தின் பின் 1879இல் அதே சிகரத்தில் ஏறியும் விட்டார்.

அவருடைய மனைவி இசபெல்லா ஸ்ட்ராட்டன் என்ற ஆங்கிலப் பெண். 1876 ஜனவரி 31ஆம் திகதி மோன் பிளாங் மலையில் குளிர்காலத்தில் முதன்முதலாக ஏறியவர் அவரே. அக்குழுவுக்கு வழிகாட்டியாகப் போனவர் ஷார்லே. பணக்காரப் பெண்ணும் கூலிக்கு வழிகாட்டுபவரும் அதே வருடம் திருமணம் செய்துகொண்டு, இருவர் பெயரையும் சேர்த்துக் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? எவரெஸ்ட் சிகரத்தில் முதலில் கால்பதித்த இலங்கையர் ஒரு பெண். ஜயந்தி குரு உதும்பால. 2016 மே 21ஆம் திகதி ஏறினார். பெண்கள் உரிமைக்காக வேலை செய்து வந்தவர் அவர். இதை நான் மதிய உணவின்போது சொன்னபோது குழுத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார்.

முதல் இறக்கம்

தோழி முதலில் போனாள். விளிம்பில் முதுகைப் பள்ளத்துக்குக் காட்டி நின்று, பின்பக்கமாகச் சாய வேண்டும். கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, பாதம் பாறையில் முழுதாகப் பட, கதிரையில் இருப்பதுபோல் உடம்பைப் பின்னால் விட வேண்டும். பயத்தில் பாறையை அணைத்துக்கொண்டால் கால் வழுக்கும். நன்றாகச் சாய்ந்தால்தான் கால் பிடிக்கும். தோழி "முருகா" என்றாள். சாய்ந்தாள். தேயிலை மலையில் நடப்பதுபோல் நடந்து இறங்கிவிட்டாள். கீழிருந்து அவள் சிரித்தது பாறையெல்லாம் எதிரொலித்தது.

அடுத்தது நான். விளிம்புக்கு வந்தேன். கீழே பார்த்தேன். பத்து மீற்றர்தான். எங்கள் ஊர்த் தென்னைமர உயரம் வராது. ஆனால் என் காதில் மண் சரியும் சத்தம் கேட்டது. வாய் உலர்ந்துவிட்டது. முழங்கால் தந்தியடித்தது.

தலைவர் கயிற்றைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். பொடியன் கீழே நின்றதால் மொழிபெயர்க்க ஆளில்லை. பிறகு அவர் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் கேட்டார்: "அக்கா, போறது? போறது இல்லை? நீங்க சொல்லுங்க."

நான் அவரையே பார்த்தேன். தோழியரே, உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். 2008இலிருந்து எத்தனை இடத்துக்குப் போனோம்! விசுவமடு, தருமபுரம், உடையார்கட்டு, மாத்தளன், அதன் பின் முகாம். "போ" என்றார்கள், போனோம். "வா" என்றார்கள், வந்தோம். போகிறாயா, இல்லையா என்று ஒருவரும் கேட்டதில்லை. கலியாணத்துக்கும் கேட்டதில்லை. இந்த மனிதர் கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். அவசரப்படுத்தவில்லை. நான் இல்லையென்றால் கயிற்றைக் கழற்றிவிடுவார் என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது.

"போறன்" என்றேன்.

சாய்வதற்கு எத்தனை நிமிடம் எடுத்தேனோ தெரியாது. முதலில் பட்டி என் தொடைகளை இறுக்கியது. அதன்பின் பாரம் முழுதும் கயிற்றுக்குப் போனது. அது தாங்கியது. வலது கையைச் சற்றுத் தளர்த்தினேன். ஒரு சாண் இறங்கினேன். கையை இடுப்புக்குப் பின் இழுத்தேன். நின்றேன். மறுபடி தளர்த்தினேன். இறங்கினேன். மறுபடி நிறுத்தினேன். நான் நினைத்த இடத்திலெல்லாம் என்னால் நிற்க முடிந்தது. அதைப் பரீட்சித்துப் பார்ப்பதற்காகவே பத்து மீற்றருக்குள் எட்டு ஒன்பது தரம் நின்றிருப்பேன். "அக்கா, அங்கேயே குடியிருக்கப் போறீங்களா?" என்று தோழி கீழிருந்து கத்தினாள்.

பாதி வழியில் பாறை வெடிப்பில் ஒரு சிறு செடி பூத்திருந்தது. மஞ்சள் நிறம். நின்று அதைப் பார்த்தேன். கீழே வந்து கால் நிலத்தில் பட்டதும் அழுகை வந்தது. தோழி ஒன்றும் பேசாமல் என் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டாள்.

இரண்டாவது இறக்கம்

பெரிய இறக்கத்துக்குப் போனபோது மணி பன்னிரண்டரை. அருவியின் தூவானம் முகத்தில் அடித்தது. நனைந்த பாறை பச்சையாக மின்னியது. அதே கேள்வியை இம்முறை பொடியன் கேட்டான்: "அக்கா, போவீங்களா?"

யோசித்தேன். உடம்பு களைத்திருந்தது. பழைய தோள்மூட்டு நொந்தது. "இல்லைத் தம்பி. இன்றைக்கு இவ்வளவும் காணும்" என்றேன்.

யாரும் முகம் சுளிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம், பயப்படாதே" என்று தள்ளவில்லை. தோழி மட்டும் இறங்கினாள். நான் நடைபாதையால் சுற்றிக் கீழே வந்து, அவள் அருவிக்குப் பக்கத்தில் நனைந்து நனைந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீரின் இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் கைச்சைகையால் கதைத்தார்கள். ஓரிடத்தில் அவள் கால் வழுக்கிப் பக்கவாட்டில் பாறையில் மோதினாள். என் உயிர் போய் வந்தது. பழங்கதையில் வந்த பெண்தான் நினைவுக்கு வந்தாள். ஆனால் இவள் வலது கையை விடவில்லை. தொங்கியபடியே நின்று, காலைத் திரும்ப வைத்து, மெல்ல இறங்கி வந்தாள். முழங்கை உரசியிருந்தது. அந்தக் கதைப் பெண்ணின் கையில் கயிற்றைக் கொடுக்க யாருமில்லை. கட்டினார்கள், இழுத்தார்கள், அவ்வளவுதான்.

மாலையில் கொஸ்லந்தப் பக்கம் போன பஸ்ஸில் ஏறினோம். தோழி மேலே ஒரு மலைச்சரிவைக் காட்டினாள். மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை அங்கே மண்மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போன நேரம். திரும்பி வந்த சில பிள்ளைகளுக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு காணியும் வீடும் இல்லாத மக்கள் அங்கேயே இருந்தார்கள். "இல்ல, நாங்க இங்க இருக்க மாட்டோம்னு சொல்றதுக்கும் ஒரு இடம் வேணுமே அக்கா" என்றாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் மண்ணுக்குள் ஆட்களைக் கொடுத்த ஊர்களிலிருந்து வந்தவர்கள்தானே.

போக விரும்பும் தோழியருக்கு

எங்களைப்போல் நீங்களும் போக விரும்பினால் சில விடயங்களைக் கவனியுங்கள்.

1. ஆறுகளும் பள்ளத்தாக்குகளும் மழைக்கு ஆபத்தானவை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் எறிக்கும்போதே மேலே எங்கோ பெய்த மழை வெள்ளமாக வந்துவிடும். பாலைநிலப் பள்ளத்தாக்குகளில்கூட இப்படி நடக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சயன் தேசியப் பூங்காவிலுள்ள ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்றில் 2015 செப்டெம்பர் 14ஆம் திகதி இறங்கிய ஏழு பேர் திடீர் வெள்ளத்தில் இறந்தார்கள். ஊவாவில் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இந்த எண்ணமே வேண்டாம். மற்றைய மாதங்களிலும் பின்னேர மழைக்கு முன் முடித்துவிடுங்கள். நீர் திடீரெனக் கலங்கினால் உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

2. பயிற்சி பெற்ற வழிகாட்டி இல்லாமல் கயிற்றில் இறங்க வேண்டாம். கயிறு எத்தனை இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது, இரண்டாவது பாதுகாப்புக் கயிறு உண்டா, கீழே ஆள் நிற்கிறாரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. பதில் சொல்லத் தயங்குபவருடன் போகாதீர்கள்.

3. சேலை, தாவணி, துப்பட்டா வேண்டாம். நீளக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் நல்லது. தலைமுடியைப் பின்னிச் சட்டைக்குள் விடுங்கள். முடியோ துணியோ எட்டு வளையத்துக்குள் சிக்கினால் பெரும் ஆபத்து. மோதிரம், காப்பு, சங்கிலியைக் கழற்றி வையுங்கள். வழுக்காத சப்பாத்து அணியுங்கள்.

4. உடம்பில் ஷெல் துண்டு, பழைய முறிவு, இருதய நோய், வலிப்பு, கர்ப்பம் எதுவாயினும் முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள். வழிகாட்டியிடமும் மறைக்காதீர்கள்.

5. பழைய பயங்கள் அந்த இடத்தில் எழும்பி வரலாம். எனக்கு வந்தது. நம்பிக்கையான ஒருவருடன் போங்கள். எந்த நிமிடத்திலும் "இல்லை" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

பிறகு நடந்தது

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலைநாடு முழுதும் மண்சரிவு. பதுளை மாவட்டத்திலும் பல உயிர்கள் போயின. நான் ஏறிப்போன புகையிரதப் பாதையும் பல இடங்களில் உடைந்தது. எங்கள் பக்கமும் வெள்ளம். நான்கு நாட்கள் தோழியின் தொலைபேசி வேலை செய்யவில்லை. நானும் மகளும் மாறி மாறி எடுத்துக்கொண்டே இருந்தோம்.

ஐந்தாம் நாள் அவளே எடுத்தாள். "அக்கா, நாங்க இருக்கோம். எல்லாரும் பாடசாலையில இருக்கோம்" என்றாள். லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருந்ததைக் கண்டு, மழை கடுமையாவதற்கு முன்பே அயலவரையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்களாம். சில ஆண்கள் வரமாட்டோம் என்று நின்றார்களாம். "இருட்டுல, மழையில, வழுக்குற பாதையில எப்படிக் கூட்டிவந்தீர்?" என்று கேட்டேன். பிள்ளை மடுவத்துத் தொட்டில் கயிறுகளையெல்லாம் அவிழ்த்து முடிச்சுப் போட்டு, மரத்துக்கு மரம் கட்டி, வயதானவர்களைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னாளாம். அம்மாவைத் தன் முன்னால் விட்டாளாம்.

அதைச் சொல்லி முடித்துவிட்டு, "நீங்க எப்ப அக்கா வாறீங்க? பெருசு இன்னும் பாக்கி இருக்கு" என்றாள்.

பாதை சீரானதும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பெரிய இறக்கத்தில் இறங்குவேனா என்பதை அங்கே போய் நின்றுதான் சொல்வேன். கிணற்றடியில் மட்டும் இப்போது வேலியைப் பார்ப்பதில்லை. ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு, வாளி தண்ணீரில் படும்வரை பார்க்கிறேன்.